ஜவுளி அரைநாள்

1

"புலம்பெயர்ந்து நான் கற்றவை" என்ற தலைப்பில் ஏதாவது எழுதித் தரும்படி கோவில்பட்டியிலிருந்து பொங்கல் மலர்க்குழுவினர் கேட்டிருக்கிறார்கள். பன்மையில் கேட்டதுதான் இடிக்கிறது. இந்த ஏழு வருடத்தில் நான் கற்றது ஒன்றே ஒன்று. அதையும் இங்கிலாந்தில் கற்கவில்லை. தொலைபேசி அட்டையைச் சுரண்டி, கோவில்பட்டியில் இருக்கும் என் மைத்துனன் தங்கமாரியிடம் கற்றேன்.

தங்கமாரி என் மனைவி செல்வியின் தம்பி. அவன்மேல் எனக்குப் பொறாமை. சும்மா சொல்லவில்லை, பத்து வருடத்துக்கு மேல் ஒரே ஆள்மேல் விடாமல் பொறாமைப்பட்டு வந்திருக்கிறேன். வேறு எந்தக் காரியத்தையும் நான் இவ்வளவு காலம் கைவிடாமல் செய்ததில்லை. அவனுக்கு இன்னும் முடி கொட்டவில்லை. அவன் பைக் மழையிலும் ஒரே உதையில் கிளம்புகிறது. பதினாறு வயதாகும் என் மகள் கயல், பள்ளியில் பெயர் சுருங்கி 'கே' ஆகிவிட்டவள், என்னிடம் "ம்", "இல்ல" என்ற இரண்டு சொற்களை வைத்தே காலம் தள்ளுகிறாள். அவள்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் மாமாவிடம் அரை மணி நேரம் தமிழ் பேசுகிறாள். அவளுக்கு அவ்வளவு தமிழ் தெரியும் என்பதே அவன் பேச்சைக் கேட்டு அவள் சிரிக்கும்போதுதான் எனக்குத் தெரியவந்தது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது, தீபாவளிக்கு முந்தின இரண்டு வாரம் அவன் தீப்பெட்டி ஆபீசில் நடக்கிற வேலை.

2

அந்த ஆபீசை அவனுக்கு முன்னால் நடத்தியவன் நான். மாமனாருடையது. வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை எம்.ஏ. படித்திருக்கிறானே, சும்மா இருக்க வேண்டாமே என்று மேனேஜர் அறையில் உட்கார வைத்தார். நிர்வாகவியல் புத்தகங்கள் சிலவற்றை மதுரையிலிருந்து வரவழைத்து, பிளாஸ்டிக் உறை போட்டு அலமாரியில் அடுக்கினேன். உறை இன்னும் கிழியாமல் இருப்பதாகக் கேள்வி.

வருடத்தில் பதினொன்றரை மாதம் எந்தக் கழுதையும் அந்த ஆபீசை நடத்தலாம். நடத்தினேன். மீதி அரை மாதம்தான் ஆளைப் பார்த்துவிடும். ஐப்பசி மழையில் குச்சிகள் காயாது. வடக்கே போகிற லாரி பண்டிகைக்கு முன் கிளம்பியாக வேண்டும். அந்த நேரம் பார்த்து அறுபது பெண்களின் கண் குச்சியிலும் மனசு ஜவுளிக்கடையிலும் இருக்கும். மரச்சட்டத்தில் குச்சி அடுக்குகிறவள் பாதி வரிசையை விட்டுவிட்டுப் பக்கத்துக்காரியிடம் பார்டர் அகலத்தைக் கையால் அளந்து காட்டிக்கொண்டிருப்பாள்.

நான் புத்தகப்படி போனேன். தீபாவளி வரை யாருக்கும் லீவு இல்லை என்றேன். வாசல் கேட்டைப் பூட்டச் சொன்னேன். 'கவனமே உற்பத்தி' என்று பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். கழுகுமலை வேனில் வருகிற பேச்சியம்மாள் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "இத ஒட்டுன நேரத்துக்கு சார் நாலு பெட்டிக்கு லேபிள் ஒட்டியிருக்கலாம்" என்றாள்.

அதற்குப் பிறகு சாவு விழ ஆரம்பித்தது. கழுகுமலையில் இரண்டு, எப்போதும்வென்றானில் மூன்று. கரிசல்காட்டு ஊர்களில் தீபாவளிக்கு முந்தின வாரம் விழுகிற சாவு வேறெந்த மாதத்திலும் விழுவதில்லை. சாவுக்கு லீவு இல்லை என்று எந்த மேனேஜர் சொல்ல முடியும்?

"எங்க மாமியா தவறிட்டாவ சார்" என்றாள் பேச்சியம்மாள்.

"போன வருசமும் அவிய தவறுனாவளே?"

"அது சின்ன மாமியா சார்."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோதே கேட்டுக்கு வெளியே ஒரு குரல் கேட்டது. "ஏட்டி பேச்சி, கடைக்குப் போவோம்னியே, இன்னும் என்னட்டி செய்யுத? வெயிலு ஏறுதுல்லா?" கையில் மஞ்சள் பையோடு மாமியார் நின்றிருந்தார். நல்ல திடகாத்திரம்.

பேச்சியம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணீர் நின்றிருந்ததே தவிர முகத்தில் ஒரு கோடு மாறவில்லை. "பெழச்சிக்கிட்டாவ சார்" என்றாள்.

அந்த வருடம் லாரி தீபாவளி கழிந்து போயிற்று. மாமனார் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "இதெல்லாம் உங்க படிப்புக்குச் சரிப்படாது மாப்பிள்ளை" என்று மரியாதையாகச் சொன்னார்.

3

மறு வருடம் தீபாவளிப் பொறுப்பு தங்கமாரிக்குப் போயிற்று. அவன் கல்லூரிக்குள் போன வழியிலேயே திரும்பி வந்தவன். கேட்டைத் திறந்து போட்டான். என் சுவரொட்டியைக் கிழித்து அதன் முதுகில் அறுபது பேரின் பெயரையும் எழுதினான். துண்டு துண்டாகக் கத்தரித்து ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கினான். தினமும் காலையில் ஐந்து பெயர் எடுப்பான். அந்த ஐந்து பேருக்கும் மத்தியானத்துக்கு மேல் ஜவுளி அரைநாள். கடைத்தெருவுக்குப் போகலாம். ஒரே ஒரு நிபந்தனை: நாலு மணிக்குத் திரும்பி வந்து, எடுத்ததை எல்லார் முன்னாலும் பிரித்துக் காட்ட வேண்டும். பார்க்கிறவர்கள் கை நிற்கக் கூடாது.

"ஒருத்தியும் திரும்பி வரமாட்டா" என்றேன்.

"வருவாவ அத்தான்" என்றான்.

முதல் நாள் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. வயிற்றுவலி என்று சொல்லி வீட்டில் படுத்துக்கொண்டேன். வலி கொஞ்சம் மேலே, நெஞ்சுப் பக்கம் இருந்தது. மறுநாளிலிருந்து மேனேஜர் அறையில் இருந்தபடி கேட்டேன். நாலு மணிக்கு ஹாலில் ஒரு சலசலப்பு எழும். "ஏயம்மா, மயில்கழுத்துக் கலரு!" என்று ஒரு குரல். அப்புறம் ஒரு வெடிச்சிரிப்பு. அறுபது பேர் சேர்ந்து சிரிக்கிற சிரிப்பு. அது என்னைப் பற்றியது என்று எனக்குச் சந்தேகமே இல்லை. எழுந்து போய் ஜன்னலைச் சாத்திக்கொள்வேன். மீதிப் பதினொரு நாளும் சாத்திக்கொண்டேன்.

ஒருத்திகூடத் திரும்பாமல் இருக்கவில்லை. அந்த வருடம் கரிசல்காட்டில் ஒரு மாமியாரும் சாகவில்லை. லாரி இரண்டு நாள் முன்னதாகவே கிளம்பிற்று.

கொஞ்ச காலத்தில் செல்விக்கு இங்கிலாந்தில் நர்ஸ் வேலை கிடைத்தது. என் பாஸ்போர்ட்டில், நான் அவளைச் சார்ந்திருப்பவன் என்று முத்திரை குத்தினார்கள். ஒருவனை ஒரே சொல்லில் இவ்வளவு சரியாக எழுதிய அரசாங்கத்தை நான் பார்த்ததில்லை.

4

இங்கே நான் வேலை பார்ப்பது கிறிஸ்துமஸ் பரிசுக்கூடை கட்டுகிற இடத்தில். பிரம்புக் கூடையில் வைக்கோல் பரப்பி, பிஸ்கட் டப்பா, ஜாம், கேக், ஒயின் பாட்டில் எல்லாம் அடுக்கி, ரிப்பன் கட்டி அனுப்ப வேண்டும். ஐந்து வருடம் டேப் ஒட்டினேன். போன டிசம்பரில் எங்கள் மேலாளர் கோலின் என்னைக் கூப்பிட்டு, பதினான்கு பெண்கள் வேலை செய்கிற மூன்றாம் மேஜைக்கு என்னைத் தற்காலிகத் தலைவனாக்கினார்.

"பண்டிகைக்கு முந்தின வாரம்தான் கஷ்டம். யாருக்கும் வேலையில் மனசு நிற்காது" என்றார்.

"தெரியும்" என்றேன். அந்தச் சொல்லில் இருந்த துயரம் அவருக்கு விளங்கியிருக்காது.

இருபத்துமூன்றாம் தேதி மாலைக்குள் மூன்றாம் மேஜையின் கூடைகள் அத்தனையும் வண்டி ஏற வேண்டும். ஏறாவிட்டால் இருபத்துநாலாம் தேதி பதினான்கு பேரும் வேலைக்கு வர வேண்டும். இந்த ஊரில் இருபத்துநாலு என்பது நமக்குத் தீபாவளிக்கு முந்தின நாள் மாதிரி. அன்றைக்கு வேலைக்குக் கூப்பிடுகிறவனைச் சபிப்பார்கள். எனக்கென்று தனியாகக் கோலின் இன்னொன்றும் சொன்னார்: முடித்தால் பதவி நிரந்தரம், முடிக்காவிட்டால் மறுபடியும் டேப்.

நான் திருந்தாதவன். முதல் காரியமாக ஒரு சுவரொட்டி ஒட்டினேன், இந்தமுறை ஆங்கிலத்தில். அதன் கீழே யாரோ பென்சிலால் ஒரு மீசை வரைந்தார்கள். மீசை என்னுடையது போலவே இருந்தது. கூடைகளோ மனசு போனபடி போய்க்கொண்டிருந்தன. ஒன்றில் மூன்று ஜாம், இன்னொன்றில் ஜாமே இல்லை, ஒன்றில் யாருடைய மூக்குக்கண்ணாடியோ.

அப்போதுதான் தங்கமாரியின் டப்பா ஞாபகம் வந்தது. திருடுவதென்று முடிவுசெய்தேன். அரைநாள் லீவு கேட்கிற படிவத்தில் காரணத்துக்கு ஒன்பது கட்டங்கள் இருந்தன. நோய், பல், இழவு எல்லாம் உண்டு. 'கடைக்குப் போய் வந்து காட்டுதல்' மட்டும் இல்லை. கோலின் நெடுநேரம் யோசித்து 'இதர' என்ற கட்டத்தில் டிக் போட்டார். "சரி, பார்ப்போம்" என்றார்.

முதல் சீட்டில் பிரெண்டாவின் பெயர் வந்தது. மேஜையில் மூத்தவள், ஐம்பத்தெட்டு வயது. அவள் மகள் லீசாவும் அதே மேஜையில் எதிர்ப்பக்கம் நிற்கிறாள். பிரெண்டா சொன்ன நேரத்துக்குத் திரும்பி வந்தாள், தங்கநிறக் காகிதம் சுற்றிய ஒரு பொட்டலத்தோடு. நான் கைதட்டி எல்லாரையும் அழைத்து, "ம், பிரித்துக் காட்டுங்கள்" என்றேன்.

மேஜை உறைந்துவிட்டது. ரேடியோவில் பாடிக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டதாகத் தோன்றியது.

"இது லீசாவுக்கு" என்றாள் பிரெண்டா மெதுவாக.

"அப்படியானால் ரொம்ப நல்லது. லீசாவும் இங்கேதானே இருக்கிறாள்" என்றேன்.

லீசா தலையைக் குனிந்துகொண்டாள். பிரெண்டா பொட்டலத்தைக் கோட்டுக்குள் மறைத்தாள். கிறிஸ்துமஸ் காலையில் பிரிக்கிறவரை உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியக் கூடாது. அதுதான் இங்கே பண்டிகையே. ஆறு வருடம் இந்த ஊரில் இருந்தவனுக்கு இது தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். ஆனால் வாங்கினதைப் பிரித்துக் காட்டாமல் ஒரு மனுஷி வீடு போய்ச் சேருவாள் என்பதை என் கோவில்பட்டி மூளை நம்பவில்லை.

மறுநாள் போன இரண்டு பேரும் திரும்பி வரவில்லை. ஒருத்தியின் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று போன் வந்தது. இன்னொருத்தியின் மாமியாருக்கு நெஞ்சுவலியாம். பேச்சியம்மாளின் மாமியார் கடல் கடந்துவிட்டார் என்று புரிந்துகொண்டேன்.

5

பத்தொன்பதாம் தேதி காலையில் கோலின் ஒரு தாளைப் பலகையில் குத்திவிட்டுப் போனார். இருபத்துநாலாம் தேதிக்கான வேலைப் பட்டியல். பதினான்கு பெயரும் இருந்தன. பிரெண்டா மட்டும் என்னிடம் வந்து, "எங்கம்மா முதியோர் இல்லத்துல இருக்காங்க. இருபத்துநாலு மத்தியானத்துக்குள்ள போய்க் கூட்டிட்டு வந்தாத்தான் விடுவாங்க. அதுக்கப்புறம் ஆபீஸ் பூட்டிருவாங்க. நான் போகலேன்னா அம்மாவுக்கு இந்தக் கிறிஸ்துமஸ் அங்கேதான்" என்றாள். கெஞ்சவில்லை. வெறுமனே சொல்லிவிட்டு ரிப்பன் கட்டப் போய்விட்டாள்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கேன்டீன் போனுக்குப் போய், அட்டையைச் சுரண்டி, எண்களை அழுத்தினேன். கோவில்பட்டியில் மாலை ஆறு மணி. ஆபீசிலிருந்து வேன்கள் கிளம்புகிற இரைச்சல் கேட்டது.

"என்னத்தான், இந்த நேரத்துல? அக்கா நல்லாருக்காவளா?"

"நல்லாருக்கா. சும்மாதான் மாப்பிள. இங்கன எங்கூட வேலை பாக்குத ஒருத்தரு, ஒங்க ஜவுளி அரைநாளப் பத்திக் கேட்டாரு. அவரு செஞ்சு பாத்தாராம். எடுபடலயாம்."

"அந்த ஒருத்தரு என்ன சட்டை எடுத்தாராம்?" என்றான்.

"அவரு எதுக்கு எடுக்காரு? அவரு சூப்பர்வைசர்லா."

"அங்கனதான் அத்தான் தப்பு. மொத நாளு மொதச் சீட்டு எம்பேருதான் வரும். வேற சீட்டு வந்தாலும் எம்பேரத்தான் வாசிப்பேன். எனக்குத் துணி எடுக்கத் தெரியாதுன்னு ஒங்களுக்குத் தெரியும்லா? மாம்பழக் கலர்ல ஒரு சட்டைய எடுத்தாந்து விரிப்பேன். பேச்சியக்கா கிழிகிழின்னு கிழிச்சிருவாவ. 'மொதலாளி, இது சட்டையா, பந்தலுக்குக் கட்டுத துணியா'ம்பாவ. மறுநா மாத்திட்டு வருவேன். அதையும் கிழிப்பாவ. கடைசி நா வரைக்கும் மாத்திக்கிட்டே இருப்பேன். அதப் பாக்கத்தான் அவ்வளவு பேரும் வாராவ. சேலையக் காட்டவா வாராவ?"

பதினொரு நாளும் கேட்ட அந்த வெடிச்சிரிப்பு எனக்குள் மறுபடி ஒருமுறை வெடித்தது. அது அவனைப் பார்த்துச் சிரித்தது. நான் ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். முதல் நாளோ, பொறாமையில் லீவு.

"அத்தான்? இருக்கீயளா? அந்த ஒருத்தர்ட்ட சொல்லுங்க, நல்ல சட்டையா எடுத்துறக் கூடாது."

அந்த விஷயத்தில் மட்டும் என் திறமைமேல் எனக்கு முழு நம்பிக்கை இருந்தது.

6

அன்று மத்தியானமே எனக்கு நானே ஜவுளி அரைநாள் கொடுத்துக்கொண்டேன். நாலு மணிக்குத் திரும்பி வந்து மேஜை நடுவில் என் பொட்டலத்தை வைத்து, காகிதத்தைக் கிழித்தேன்.

"என் மனைவிக்கு" என்றேன்.

அது மேலே ஏறி நின்று உடம்பு எடை பார்க்கிற கருவி. வேண்டுமென்றே மோசமாக எடுத்தேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில், கடையில் அதைப் பார்த்தபோது உபயோகமான பொருள் என்று எனக்குப் பட்டது.

பிரெண்டா அதைத் தூக்கித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "உங்க மனைவி உங்களுக்கு அப்படி என்ன கெடுதல் செஞ்சாங்க?"

மேஜை வெடித்தது. பதினான்கு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். "நர்ஸுதானே அவங்க? நாள் பூரா நோயாளிகள எடை பாத்துட்டு வீட்டுக்கு வந்து தன்னையும் பாக்கணுமா?" "அவங்க இதுல ஏறமாட்டாங்க. உங்க தலையில போடுவாங்க." லீசா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கடைப் பையில் ரசீது இருக்கிறதா என்று பிரெண்டா தேடி எடுத்து என் சட்டைப்பையில் செருகினாள். "நாளைக்கு மாத்திட்டு வந்து காட்டணும்" என்று உத்தரவும் போட்டாள்.

மறுநாள் மூடியோடு கூடிய மூன்று சட்டிகள் கொண்டுவந்தேன். அதற்கு விழுந்த கிழிக்கு முந்தின நாள் எவ்வளவோ மேல். அரைநாள் போனவர்கள் நாலு மணிக்கு முன்பே வந்து மேஜையில் நின்றார்கள், சட்டிகளைத் தவறவிடக் கூடாதென்று. தங்கள் பொட்டலங்களை யாரும் பிரிக்கவில்லை. என் பொட்டலம் ஒன்று போதுமானதாக இருந்தது. செல்வியின் உயரம் என்ன, நிறம் என்ன, குளிருக்கு எதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறாள் என்று விசாரணை நடந்தது. நான் சொன்ன பதிலிலிருந்து, என் மனைவியின் பழைய கோட்டில் இரண்டு பொத்தான் இல்லை என்பதை நானே அப்போதுதான் கவனித்தேன். வாய் இவ்வளவு வேலை செய்தபோதும் கைகள் நிற்கவில்லை. கூடைகள் ஜாமோடும் பிஸ்கட்டோடும் சரியாகப் போய்க்கொண்டிருந்தன. இருபத்திரண்டாம் தேதி, தன் அரைநாளில் போன ஒருத்தி கடைக்காரரிடம் சொல்லி ஒரு சிவப்புக் கோட்டை எடுத்து வைத்துவிட்டு வந்தாள். மறுநாள் நான் போய் அதை வாங்கி வந்து விரித்தேன். செல்வியின் உயரம்தான் லீசாவுக்கும். அவள் போட்டுப் பார்த்தாள். ஒருவரும் கிழிக்கவில்லை. பிரெண்டா தலையை மட்டும் ஆட்டினாள்.

நாலரை மணிக்குக் கடைசிக் கூடை வண்டி ஏறிற்று. கோலின் பலகையிலிருந்து அந்தப் பட்டியலை எடுத்து நாலாக மடித்தார். பிரெண்டா கோட்டை மாட்டிக்கொண்டு, "நாளைக் காலை எட்டு மணிக்கே போய் வாசல்ல நிப்பேன்" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

"இது என்ன முறை?" என்று கோலின் கேட்டார்.

இது என் மைத்துனன் முறை என்று சொல்ல வாயைத் திறந்தேன். "எங்க ஊர் முறை" என்று வந்தது. அவர் தலைமை அலுவலகத்துக்கு எழுதிய குறிப்பில் அது என் பெயரால் போயிற்று.

7

இருபத்துநாலாம் தேதி காலை. லீவு. கோட்டை அன்றைக்கே செல்விக்குக் கொடுக்கக் கூடாது என்று கயல் அதைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தாள். தோளில் போனை இடுக்கி மாமாவோடு பேச்சும் நடந்தது. "மாமா உங்களக் கேக்காங்க" என்று நீட்டினாள்.

"என்னத்தான், அந்த ஒருத்தரு கதை என்னாச்சி?"

சொல்ல எவ்வளவு இருந்தது! எடைக் கருவி, சட்டிகள், பிரெண்டாவின் அம்மா. அவன் எப்படிச் சிரிப்பான் என்று தெரியும். 'நாந்தான் சொன்னேன்லா அத்தான்' என்று ஒருமுறைகூடச் சொல்லமாட்டான் என்றும் தெரியும். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"எடுபடல மாப்பிள" என்றேன்.

கயலின் கை காகிதத்தின்மேல் நின்றது.

"போட்டும் அத்தான்" என்றான் அவன். "வெள்ளக்காரவிய வேற மாதிரி. நீங்க மனசு விட்றாதீய. அங்கன சரிப்படலன்னா பேசாம இங்கன வந்துருங்க. ஒங்க ரூமு அப்படியேதான் கெடக்கு. ஒங்க நாற்காலில நான் ஒருத்தரயும் உக்கார விடல."

போனை வைத்தேன். கயல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மாமாகிட்ட ஏம்ப்பா பொய் சொன்னீங்க?" என்றாள். அந்த வருடம் அவள் என்னிடம் பேசிய தமிழில் அதுதான் நீளமானது. மாமாவிடம் அவள் இன்றுவரை காட்டிக்கொடுக்கவில்லை. அடுத்த வாரத்திலிருந்து என்னிடம் பேசுவதும் கொஞ்சம் கூடியிருக்கிறது. என்னைக் கண்காணிக்க வேண்டிய ஆள் என்று முடிவுசெய்துவிட்டாள் போல.

இப்போது மறுபடி நவம்பர். என் 'முறையை' மற்ற மேஜைகளுக்கும் கற்றுக்கொடுக்கும்படி கோலின் கடிதம் கொடுத்திருக்கிறார். அதே வாரத்தில் மலர்க்குழுவின் கடிதமும் வந்தது. மலர் பொங்கலுக்கு வரும். தங்கமாரி வழக்கம்போல அதை ஆபீஸ் ஹாலுக்குக் கொண்டுபோய், பெண்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போது யாரையாவது உரக்கப் படிக்கச் சொல்வான். ஆகவே, படிக்கிறவர் யாராயிருந்தாலும், இந்த இடத்தைக் கொஞ்சம் சத்தமாகவே படியுங்கள்.

மாப்பிள, எடுபட்டது. அந்த ஒருத்தர் நான்தான். ஒங்க அக்காவுக்கு எடை பார்க்கிற மெஷின் வாங்கினவனும் நான்தான். பேச்சியக்கா, நீங்கள் சிரியுங்கள், கை நிற்க வேண்டாம்.

நாற்காலியில் மட்டும் இப்போதைக்கு யாரையும் உட்கார விட வேண்டாம்.